நெடுந்தீவுக் குதிரையின் வாக்குமூலம்

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு அதன் பொருளாளர் மூன்றாவது முறையாக அழைத்தபோது, எழுத என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். "குதிரையைப் பற்றி எழுது. உன்னிடம் வேறு என்ன இருக்கிறது?" என்றான். விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன் அவன். மரியாதைப் பன்மையில் எழுதினால் முதலில் சிரிப்பவனும் அவனாகத்தான் இருப்பான். சரி என்று உட்கார்ந்த பிறகுதான், இதை எழுதுவதென்றால் ஒரு பழைய பொய்யையும் அவிழ்த்தாக வேண்டும் என்பது உறைத்தது.

1977 ஜனவரியில், பதினொரு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு விடுதிக்குள் நுழைந்தேன். படகும் பஸ்ஸும் மாறி வந்த களைப்பு. எந்த ஊர் என்று கேட்டார்கள். நெடுந்தீவு என்றேன், யாழ்ப்பாணத்தை அடுத்த கடலில் கிடக்கும் தீவு. "அங்கே குதிரை இருக்கிறதாமே? நீ ஏறியிருக்கிறாயா?" என்று ஒருவன் கேட்டான். சுற்றி ஏழெட்டு முகங்கள். எல்லாம் பட்டணத்து முகங்கள். மீன் வாடை அடிக்கிறது என்று அதற்குள் ஒருவன் மூக்கைப் பிடித்திருந்தான்.

"ஏறியிருக்கிறேன்" என்றேன்.

அன்று மாலைக்குள் எனக்குக் 'குதிரை' என்ற பெயர் வந்துவிட்டது. மீன் வாடை மறைந்துவிட்டது. பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கி, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் கைவிட்ட பிறகு காட்டோடு போன குதிரைகள் அவை என்று ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். ஒல்லாந்தர் லாயத்தின் பவளக்கல் தூண்கள் எங்கள் தீவில் இன்னமும் நிற்கின்றன. அந்த அளவுக்கு உண்மை. ஆங்கிலேயர் காலத்தில் தீவை நிர்வகித்த நோலன் துரைக்குக் குதிரைக்காரனாக இருந்தவர் என் பூட்டனுக்குப் பூட்டன் என்பது என் சொந்தச் சரக்கு.

உண்மையில் நடந்தது இதுதான். 1979 ஆகஸ்ட் விடுமுறையில், இந்தப் பொய்யை மெய்யாக்கிவிடுவது என்ற முடிவோடு ஊருக்குப் போனேன். ஆகஸ்டில் தீவின் தெற்குப் பக்கத்துப் புல்வெளி காய்ந்து ஓடாகிவிடும். குட்டைகள் வற்றிப்போகும். எவராவது கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றிய தொட்டியைத் தேடிக் குதிரைகள் கூட்டமாக வரும். நானும் மச்சானும் வள்ளத்துக் கயிற்றில் சுருக்குப் போட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் பதுங்கிக் கிடந்தோம். என் நெஞ்சு உயரம்கூட இல்லாத செம்மண் நிறப் பெண் குதிரை ஒன்று வந்து தலையைக் குனிந்தது. சுருக்கு விழுந்தது. கயிற்றை விடாதே என்று மச்சான் கத்தினான், விட்டிருக்க வேண்டும். இருபது முழத் தூரம் நெஞ்சால் உழுதுகொண்டு போய், பவளக்கற்களை அடுக்கிய வேலியில் முழங்காலை மோதி நின்றேன். குதிரை கயிற்றோடு போய்விட்டது. ஏழு தையல். அது வேறொருவரின் வள்ளத்துக் கயிறு என்பதால் வீட்டில் தனியாக ஒரு பூசையும் நடந்தது.

விடுதிக்குத் திரும்பி, நாலுகால் பாய்ச்சலில் விழுந்த காயம் என்று முழங்காலைக் காட்டினேன். பொருளாளர் உட்பட எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த வருடம்தான் தமிழாசிரியர் திருவிளையாடற் புராணத்தில் நரி பரியாக்கிய படலத்தை நடத்தினார். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவருகிறார். இரவில் அவை திரும்பவும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. "எடே நெடுந்தீவான், நீதான் குதிரை தெரிந்தவன். அவை ஏன் பகலிலேயே நரியாகவில்லை?" என்று ஐயா கேட்டார். விழித்தேன். "கயிறு மாறவில்லையே! கயிறு கைமாறிய பிறகு விற்றவனைக் கேட்க முடியாது. இறைவனுக்கும் வியாபாரம் தெரியும்" என்றார். வகுப்பு சிரித்தது. நான் அதைக் குறித்துவைத்துக்கொண்டிருக்கலாம்.

2017இல், சிட்னியில், ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கயிறு கைமாறியது.

காரணம் மகள். பதினொரு வயதிலிருந்து சனிக்கிழமைகளில் குதிரையேற்றம் பழகினாள். வீணை வகுப்புக்குப் போகச் சொன்னால் வரும் வயிற்றுவலி, குதிரைக்கென்றால் வருவதில்லை. வேலியோரம் கார் திறப்பைச் சுழற்றிக்கொண்டு நின்ற நானும் ஒரு கட்டத்தில் பழக ஆரம்பித்தேன். என்னைவிட முப்பது வயது இளைய பயிற்சியாளர், "குதிகால் கீழே, பார்வை மேலே" என்று வாரந்தோறும் அதட்டுவார். இரண்டையும் ஒன்றாகச் செய்ய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. பிறகு ஒரு குதிரையே வாங்குவது என்று ஆனது. வயது பன்னிரண்டு, பொன்னிறம், காயடித்த ஆண், பெயர் பிஸ்கட். விற்றவரின் பட்டியில் அது வாசலுக்குத் தானே வந்தது, தலைக்கயிற்றுக்குத் தலையைத் தானே குனிந்தது, என் மகள் நாலு சுற்று ஓட்டி இறங்கும்வரை காதைக்கூடப் பின்னால் மடக்கவில்லை. பணத்தைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, வாடகைக்கு எடுத்திருந்த மேய்ச்சல் நிலத்தில், அதைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து ஏக்கர். கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் போனாலும் அதற்குத் தெரிகிறது. நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு துண்டும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு துண்டும் தவிர, குதிரைக்குச் சுற்றிலும் கண் தெரியும் என்பதை அப்போது நான் படித்திருக்கவில்லை. காரட்டைக் காட்டினால் கழுத்தை நீட்டிக் காரட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, கை எட்டாத தூரத்தில் நின்று மெல்லும். ஒன்றரை மணி நேரம். முடிவில் வாளியைக் கவிழ்த்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். களைப்பு, வேறு தந்திரம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு. பிறகு, தேங்காய்த் தும்பு போன்ற முரட்டு மயிர் முளைத்த மேலுதடு ஒன்று என் காதை மேய்ந்து பார்த்தது. தேடிப் போனால் ஓடுவதும், பாராமல் இருந்தால் வருவதும் அதன் குணம். அன்றிலிருந்து பிஸ்கட்டை அப்படித்தான் பிடிக்கிறேன். மழைநாளில் சேற்றில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் காரை மெதுவாக்குகிறார்கள்.

எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு இந்தப் பெயர் ஒத்துவரவே இல்லை. "பிஸ்கட்டுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டாயா?" என்று விருந்தினர் முன்னால் கேட்பார். வந்தவர்கள் தேநீர்த் தட்டைப் பார்ப்பார்கள்.

குதிரைக்குக் குணமறிந்துதான் கடவுள் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். கொம்புக்குப் பதில் வயிறு கொடுத்திருக்கிறார். சேணத்தை இறுக்கும் வயிற்றுவாரைக் கட்டும்போது பிஸ்கட் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். இரண்டு நிமிடம் நடத்திவிட்டு இன்னொரு முறை இறுக்க வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த பாடம். 2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் இராப்போசனத்துக்காக வெளியூர்களிலிருந்து வந்திருந்த மூன்று விடுதித் தோழர்கள் குடும்பத்தோடு மேய்ச்சல் நிலத்தில் வந்து இறங்கினார்கள். நம் பொருளாளரும்தான். "எடே குதிரை, ஏறிக் காட்டு. நாற்பத்தொரு வருடமாகக் காத்திருக்கிறோம்" என்றான். மனைவிமார் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். அந்த அவசரத்தில் நான் ஒருமுறைதான் இறுக்கினேன்.

இடப்பக்கம் நின்று, இடது காலை அங்கவடியில் வைத்து எழும்பினேன். உலகம் மெதுவாகச் சாய்ந்தது. பிஸ்கட் அதற்குள் மூச்சை விட்டிருந்தது. சேணம் முதுகிலிருந்து விலாவுக்கு வந்தது. விலாவிலிருந்து வயிற்றுக்கு வந்தது. நானும் கூடவே வந்தேன். பிடரி மயிரை ஒரு கைப்பிடி பிடித்தபடி, முதுகு நிலத்தில் பட, மேலே பார்த்தால் குதிரையின் வயிறு. மிரண்டு உதைத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு எவராவது எனக்காக எழுதியிருப்பார்கள். அது கழுத்தைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் புல்லைக் கடித்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று உறுதியானதும் பொருளாளர் குனிந்து கேட்டான்: "நெடுந்தீவில் இப்படித்தான் ஏறுவீர்களா?"

நான் அங்கே ஏறியதே இல்லை என்பதை அன்று, அந்தப் புல்லில் மல்லாந்து கிடந்தபடி சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அந்த முழங்கால்?" என்றான். கயிற்றுக் கதையைச் சொன்னேன். அதுவே நல்ல கதையாக இருக்கிறதே, இதை ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டான். என்ன சொல்ல? பதினொரு வயதில் மீன் வாடை என்று மூக்கைப் பிடித்தவன் இவன்தான். அதை நான் சொல்லவில்லை. இப்போது மலரில் படித்துக்கொள்ளட்டும்.

மற்ற விபத்துகளைப் பட்டியல் போட ஆசையில்லை. பத்துச் சக்கர லாரி பக்கத்தில் போனால் அசையாத குதிரை, வேலியில் சிக்கிய பிளாஸ்டிக் பைக்கு மிரண்டு பத்தடி பக்கவாட்டில் தாவியது. நான் தாவவில்லை, இருந்த இடத்திலேயே கீழே வந்தேன். 2021 மார்ச்சில் ஹாக்ஸ்பரி ஆறு பெருகியபோது இழுவைப் பெட்டிக்குள் ஏறமாட்டேன் என்று மழையில் ஒரு மணி நேரம் கால் ஊன்றி நின்றது. பக்கத்துப் பட்டியின் கிழட்டுப் போனி ஒன்றை முன்னால் ஏற்றியதும், கூப்பிடாமலே பின்னால் ஏறிக்கொண்டது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஒருவர், வருடத்துக்கு ஒருமுறை பல் ராவ ஒருவர். எனக்குப் பல் வைத்தியரிடம் போகப் பணம் மிஞ்சுவதில்லை.

ஆனால் 2020 ஜூலை இரவைச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் மகள் பல்கலைக்கழகத்துக்குக் கான்பராவுக்குப் போய்விட்டாள். குதிரையை விற்றுவிடலாம் என்று மனைவி சொன்னார். பார்க்கலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். குளிர் கடுமையாக இருந்த நாள். மாலை தீனி வைக்கப் போனபோது பிஸ்கட் வாளிப் பக்கம் வரவில்லை. முன்னங்காலால் நிலத்தைச் சுரண்டுவதும், திரும்பித் தன் விலாவைப் பார்ப்பதும், படுப்பதும் எழும்புவதுமாக இருந்தது. குடல்வலி. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது பின்வழியால்தான் வெளியேற வேண்டும். சிறுகுடல் மட்டுமே இருபது மீட்டருக்கு மேல். குளிருக்குத் தண்ணீர் குடிப்பது குறைந்து, எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

மிருக வைத்தியர் வந்தபோது இரவு ஒன்பது மணி. நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய இதயத் துடிப்பு அறுபதில் நின்றது. வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் இறக்கித் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றினார். தீனி கொடுக்காதே, உருளப் பார்த்தால் மெதுவாக நடத்து, இலத்தி போடுகிறதா என்று பார், துடிப்பு ஏறினால் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்த்தேன். ஒரு டார்ச் விளக்கோடு, கணக்காளர் தொழிலில் முப்பது வருடம் கழித்த மனிதன், ஒரு குதிரையின் வாலுக்குப் பின்னால் ஏழு மணி நேரம். விலாவில் காதை வைத்தால் நலமான குதிரைக்குள் சோறு கொதிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி, வெறும் சுவர். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தோம். பேச ஆளில்லாமல் அதனிடம் திருவிளையாடல் சொன்னேன். நரிக்குக்கூட இப்படி வயிறு அடைக்காது என்று திட்டினேன். மூன்றரை மணிக்குப் பிறகு காதை வைத்தபோது, தூரத்தில் எவரோ பலகையை இழுப்பது போல ஒரு உறுமல்.

நாலு மணிக்கு இலத்தி விழுந்தது. எட்டு உருண்டைகள், எண்ணெய் மினுக்கத்தோடு, குளிரில் ஆவி பறக்க. கையால் தொட்டுப் பார்த்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மனைவியை எழுப்பி, "போட்டுவிட்டான்" என்றேன். மகள் பிறந்த அன்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்ன அதே குரல் என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறார். விற்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

2023 ஆகஸ்டில் மகளை நெடுந்தீவுக்கு அழைத்துப் போனேன். லாயத்துத் தூண்களைப் பார்த்துவிட்டு, வாடகை ஆட்டோவில் தெற்கே போனோம். புல் காய்ந்து ஓடாகத்தான் இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏழெட்டுக் குதிரைகள். ஒன்றின் காலடியில் குட்டி. மகள் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, அவற்றுக்கு முதுகைக் காட்டி நிலத்தில் உட்கார்ந்தாள். அருகே நானும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். ஆட்டோக்காரத் தம்பி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். "ஐயா, குதிரைகள் அந்தப் பக்கம் நிற்கின்றன" என்றார். தெரியும் தம்பி என்றேன்.

பின்னால் குளம்புச் சத்தம் மெல்ல நெருங்கி, பத்தடிக்கு அப்பால் நின்றது. ஒரு செருமல். திரும்பக் கூடாது என்று மகள் என் கையை அழுத்தினாள். படகுக்கு நேரமாகிறது என்று தம்பி ஹார்ன் அடிக்கும் வரை அப்படியே இருந்தோம்.