இரண்டு ஆறு, ஆறு மணி நேரம்

8 ஜூலை 2019, திங்கள்

விடிவதற்கு முன் 5 மணிக்குத் தன்லினில் வண்டி ஏறினேன். லைங்தாயாவில் தையல் ஆலை வாசலை மிதித்தபோது மணி 7.55. சூலேயில் ஒரு முறை, லெடானில் ஒரு முறை வண்டி மாறி, பெகு ஆற்றையும் லைங் ஆற்றையும் தாண்டி, ரங்கூனைக் கிழக்கிலிருந்து மேற்குவரை முழுதாக அளந்துவிட்டுத்தான் கணக்கு மேசையில் உட்கார முடிகிறது. மாலையில் அதே ரங்கூனை மறுபடி அளக்க வேண்டும். ஃபெர்ரி என்று நாங்கள் சொல்லும் ஆலையின் ஆளேற்றும் பேருந்து லெடானுக்குக் கிழக்கே வருவதில்லை. தன்லின்வரை நீட்டச் சொல்லி மனு எழுதிக் கொடுத்து இன்றோடு ஏழு வாரம் ஆகிறது.

அம்மா இரவெல்லாம் இருமினார்.

9 ஜூலை

கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

11 ஜூலை, வியாழன்

சில்லறை இல்லை. 2017 ஜனவரியில் நகரப் பேருந்துகளை ஒய்பிஎஸ் என்ற புதிய சேவையாக மாற்றி, ஸ்பேயாக்களை, அதாவது நடத்துநர்களை, நிறுத்தியபோது, அவர்களுடைய கூச்சலும் வசவும் ஒழிந்தன என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது ஓட்டுநர் அருகில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் போட்ட பணம் திரும்பி வராது. என் கையில் ஆயிரம் சாட் நோட்டு ஒன்றுதான் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்று, எனக்குப் பின்னால் ஏறியவர்களிடம் கை நீட்டி, அவர்கள் பெட்டியில் போடவிருந்த இருநூறுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். எல்லாரும் செய்வதுதான். மூன்று பேர் உடனே கொடுத்துவிட்டார்கள். நான்காவதாக ஏறிய கிழவி என் கையை ஒரு கணம் பார்த்து, இரக்கப்பட்டு, நோட்டை இரண்டாக மடித்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனாள். அது என் பணந்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

13 ஜூலை, சனி

கணக்கெழுதும் கை சும்மா இருக்காது. சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை. நாளொன்றுக்கு ஆறு மணி என்று ஆறு நாளைக்கு, பேருந்தில் மட்டும் 36 மணி நேரம். பேருந்துக்கு ஓவர்டைம் கிடையாது. மோட்டார் சைக்கிள் வாங்கலாமே என்று மாண்டலேயில் இருக்கும் மாமா ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறார். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதை நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

இன்றும் அம்மாவுக்கு இருமல். கேட்டால், "அடுப்புப் புகைதான்" என்கிறார். வீட்டில் மின்சார அடுப்பு.

16 ஜூலை, பர்மிய வாசோ மாதப் பௌர்ணமி

விடுமுறை. வாசல் முருங்கை பூத்திருப்பதை வெளிச்சத்தில் பார்த்தேன். எப்போது பூத்தது என்று கேட்டதற்கு, போன மாதமே என்றார் அம்மா.

19 ஜூலை, தியாகிகள் தினம்

காலை 10.37க்கு, 1947இல் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் சுடப்பட்ட அந்த நேரத்துக்கு, சாலையில் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நான், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன் என்று பதறியெழுந்து கைப்பையைத் தேடினேன். அம்மா சிரித்தார், அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

24 ஜூலை, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வராது. தன்லின் பாலத்தின் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது; இரு பக்கமும் வண்டிகளுக்கு ஒடுக்கமான பாதை. 1993இல் திறந்தபோது இத்தனை வண்டிகளை யார் நினைத்திருப்பார்கள்? நாங்கள் பாலத்தில் ஏறி ஐந்து நிமிடத்தில் முன்னால் ஒரு லாரிக்கு அச்சு முறிந்தது. விலகிப் போகவும் வழியில்லை, பின்னால் திரும்பவும் வழியில்லை. அடைமழை, கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளுத்திருந்தது, கீழே ஆறு ஓடுவது காதுக்கு மட்டும் தெரிந்தது. போனில் உயிர் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் போனைக் கேட்டு வாங்கிய பிறகுதான், அம்மாவின் எண் எனக்கு மனப்பாடமில்லை என்று தெரிந்தது. நூற்று இருபது தையல்காரர்களின் சம்பள எண்களைப் பார்க்காமல் சொல்வேன். இறங்கியபோது இரவு 10.40. நிறுத்தத்தில் அம்மா குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். எத்தனை நேரமாக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "நீ அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிடம்மா" என்று மட்டும் சொன்னார்.

25 ஜூலை

போகவில்லை. அரை நாள் தூங்கினேன், அரை நாள் அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மார்புப் படம் எடுக்கச் சொன்னார்.

27 ஜூலை, சனி

ஆலைக்கு எதிர்ச் சந்தில் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது. ஓர் அறையில் ஆறு பேர். அடுத்த மாதம் ஓர் இடம் காலியாகும் என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். "மமா, காலையில் 7.45 வரை தூங்கலாம்." மமா என்றால் அக்கா. அந்தத் தூக்கத்துக்கு ஆசைப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வட்ட ரயில் சுமார் 46 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் சுற்றி வருவதை வேடிக்கை பார்க்க வெளிநாட்டார் சீட்டு வாங்குகிறார்கள். எனக்கு அதே மூன்று மணி நேரம் தினமும் இரண்டு முறை கிடைக்கிறது.

ஃபெர்ரி மனுவைப் பற்றிக் கேட்டேன். மேலே அனுப்பியிருக்கிறார்களாம்.

31 ஜூலை, ஆடி அமாவாசை

அப்பாவுக்குப் படையல் வைக்கும் நேரத்தில் நான் பயாங்நௌங் பாலத்தில் இருந்தேன். காக்கை உடனே எடுத்ததா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். எடுத்தது என்றார். இருமலுக்கு நடுவே சொன்னதால் நம்பவா வேண்டாமா என்று தெரியவில்லை.

2 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

இரவு காளி கோயிலை வண்டி தாண்டியபோது கோபுரத்தை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குள் கம்பியில் என் பிடியிடத்தை வேறொரு கை பிடித்துவிட்டது.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

படம் திங்கட்கிழமை வரும். விடுதிக்காரியும் திங்கட்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறாள். இன்று அம்மா சித்ரான்னம் கட்டிக் கொடுத்திருந்தார். மூன்று வகை, இரண்டு பேர் சாப்பிடும் அளவு. இதற்காக அவர் 3 மணிக்கே எழுந்திருக்க வேண்டும். டப்பாவின் மூடியைத் திறந்தேன், எலுமிச்சை வாசனை, பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து "மமா, விடுதியில் சமைக்க விடமாட்டார்கள்" என்றாள்.