கடைசி அறை வரை பாடிக்கொண்டு போகிறவர்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டிசம்பர் மாதம் சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் மறதி நோய்ப் பிரிவில் அதுதான் மிகவும் கஷ்டமான நேரம். பகலெல்லாம் அமைதியாக இருந்தவர்கள் பொழுது சாயும்போது தவிக்கத் தொடங்குவார்கள். "பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்திருக்கும், நான் வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தள்ளுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கே அறுபது வயது தாண்டியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில், சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் பாட வரும். அப்பா, அம்மா, அத்தை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், இடுப்பில் ஒரு குழந்தை. அவர்களுடைய பாட்டி இங்கே தங்கியிருந்தபோது அவருக்காகப் பாட வந்தவர்கள். பாட்டி போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை.

டிசம்பரில் எங்களைத் தேடிப் பாட வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிகள், சர்ச்சுகள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று பாடுவார்கள். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் எழுந்து உட்கார முடியாதவர்களுக்கும், ஆக்சிஜனை விட்டு நகர முடியாதவர்களுக்கும், கடைசி நாட்களில் இருப்பவர்களுக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேராது. இந்தக் குடும்பம் கூடத்தில் இரண்டே பாட்டோடு முடித்துக்கொண்டு அறை அறையாகப் போகும். கதவைத் தட்டுவார்கள், பாடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த அறை.

நான் வளர்ந்த பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் நடுராத்திரியில் வீடு வீடாக வரும். படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்று பாடச் சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, இவர்கள் பாடுவது எனக்கு முதல் வருடமே பிடித்துப்போனது.

பாடும் விதத்திலும் ஒரு பக்குவம் உண்டு. வயதானால் குரல் மேலே ஏறாது என்பதால், சுருதியை இறக்கி மெதுவாகப் பாடுகிறார்கள், கூடச் சேர்ந்து பாட முடிகிற மாதிரி. எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்த பாட்டு, அதிலும் முதல் சரணம் மட்டும், இரண்டு தடவை. காது மெஷின் போட்டவர்களுக்குக் கூட்டமாகப் பாடினால் இரைச்சலாகத்தான் கேட்கும். அந்த அறைகளுக்குள் இரண்டு பேர் மட்டும் போய், முகம் தெரிகிற உயரத்துக்குக் குனிந்து பாடுவார்கள். மற்றவர்கள் நடையில் நிற்பார்கள்.

ஒரு பாட்டியம்மாவுக்குப் பேச்சு நின்றுபோய்ப் பல மாதங்களாகியிருந்தன. அவரிடம் இவர்கள் 'சைலண்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினார்கள். இரண்டாவது தடவை பாடும்போது அவர் வாய் திறந்து பாடினார், ஜெர்மன் மொழியில். இந்த மாநிலத்தில் ஜெர்மன் வம்சாவளியினர் ஏராளம். அவர் வளர்ந்த பண்ணை வீட்டில் அதுதான் பேச்சு என்று மகள் பிறகு சொன்னார். யோசேப் மோர் எழுதி ஃபிரான்ஸ் சேவர் க்ரூபர் மெட்டமைத்த அந்தப் பாட்டு, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் ஒரு கிடாரோடு முதலில் பாடப்பட்டது. ஊர் ஊராக, கண்டம் தாண்டி, ஒரு பண்ணைச் சிறுமியின் நெஞ்சில் போய் உட்கார்ந்து, எல்லாச் சொற்களும் போன பிறகும் அது மட்டும் அங்கே இருந்திருக்கிறது.

இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. நெடுநாள் பழகிய பாட்டை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் என்னும் மறதி நோயில் மற்ற பகுதிகளைவிடத் தாமதமாகவே சேதமடைகின்றன என்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். நோய் இதனால் குணமாவதில்லை. மறுநாள் காலை அந்த அம்மா பழையபடி பேசாமல்தான் இருந்தார். ஆனால் அன்று ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது என் கையைத் தட்டிவிடவில்லை. வீட்டுக்குப் போகணும் என்ற குரலும் அன்று அந்த நடையில் கேட்கவில்லை. வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

2020 மார்ச்சில் கொரோனாவால் பார்வையாளர்களை நிறுத்தச் சொல்லி மத்திய அரசின் உத்தரவு வந்தது. அந்த டிசம்பரில் இவர்கள் பனியில் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடினார்கள். இங்கே குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பதால் சத்தம் உள்ளே வராது. அவர்களில் ஒருவர் போனில் கூப்பிட, நாங்கள் ஸ்பீக்கரைப் போட்டு ஒவ்வொருவர் காதுக்கும் பக்கத்தில் பிடித்துக்கொண்டோம். அப்படியும் ஒரு அறைகூட விட்டுப்போகவில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. புது வருடம் பிறந்ததும் வாசல் வெறிச்சோடிவிடும். இருட்டும் குளிரும் தவிப்பும் மட்டும் அப்படியே இருக்கும். ஒருநாள் அந்த அத்தையிடம் மனம்விட்டுச் சொன்னேன். இப்போது பிப்ரவரியிலும் ஒரு சாயங்காலம் வருகிறார்கள், அதே கிறிஸ்துமஸ் பாட்டுகளோடு. இது என்ன மாதம் என்று எங்கள் பிரிவில் இதுவரை யாரும் கேட்டதில்லை.