தாருக்கு ஒரு ஃபைபர் பாஸ் பெட்டி: கோவை நாட்குறிப்பு

மே 3, 2025, சனி

கடையில் விற்கிற ரெடிமேட் பாஸ் பெட்டி, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி, எதுவும் மஹிந்திராவின் மூன்று கதவு தார் ஜீப்புக்குள் உருப்படியாக உட்காராது. பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பதே கொஞ்சம் இடம். அங்கே சதுரமாக ஒரு பெட்டியை வைத்துவிட்டால் கூடாரத்தையும் அடுப்பையும் எங்கே வைப்பது? அதோடு, 2020-இல் வந்த இந்தத் தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கும் என்று மஹிந்திராவே சொல்கிறது. அப்படி இறங்கி ஏறுகிற வண்டியின் தரையில் எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டி இருந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது, ஊறி உப்பிவிடும்.

இடப்பக்கச் சக்கர வளைவுக்கு மேலே கோணல்மாணலாக ஒரு மூலை இருக்கிறது. யாருக்கும் பயன்படாத இடம். அந்த மூலையின் வடிவத்தையே அச்சாக எடுத்து ஃபைபரில் பெட்டி செய்வதுதான் திட்டம். பத்து இன்ச் ஸ்பீக்கர், காற்றுப் புகாத மூடிய பெட்டி. ஸ்பீக்கரோடு வந்த தாளில் 0.7 கன அடி கேட்கிறான். லிட்டரில் இருபதுக்குப் பக்கம்.

பொள்ளாச்சி ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரி அண்ணன் கூட இருக்கிறார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பல வருஷம் ஃபைபர் வேலை பார்த்தவர். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

மே 4, ஞாயிறு

காலையில் மூலை முழுக்க மாஸ்கிங் டேப், அதன் மேல் அலுமினியத் தாள், அதன் மேல் மெழுகு. இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் ரெசின் (கண்ணாடி இழையை ஓடாக இறுக்கும் பிசின்) வண்டியின் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உளிதான் கதி.

ரெசின் கலக்கும்போது அண்ணன் குரல் மாறிவிட்டது. "தம்பி, முதல்ல கோபால்ட்ட ரெசின்ல ஊத்தி நல்லாக் கலக்கிப் போடுங்க. அப்புறந்தான் கேட்டலிஸ்ட். ரெண்டையும் நேரா ஒண்ணுக்கொண்ணு சேத்தீங்கன்னா தீப்பிடிச்சுக்குமுங்க." இது பயமுறுத்தல் இல்லை. ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் என்பது பெராக்சைடு, அந்த இறுகுதலை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் அதை உடனே சிதைக்கும். நேரடியாகச் சந்தித்தால் வெடிக்கவும் செய்யும். வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றை மட்டுமாவது மறக்கக்கூடாது.

மே மாத வெயிலுக்குக் கேட்டலிஸ்ட் ஒரு சதவீதம் போதும் என்றார். கூடினால் பிரஷ்ஷைத் தோய்ப்பதற்குள் ரெசின் ஜெல்லியாகிவிடும். மிச்சம் வைத்த கப்பைத் தொட்டுப் பார்த்தேன்: கை வைக்க முடியாத சூடு, ஓரத்தில் லேசாகப் புகை. மண் தரையில் தள்ளி வைத்துவிட்டோம்.

450 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி இழை விரிப்பைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தார். கிழித்த ஓரத்தில் இழைகள் பிரிந்து நிற்கும், பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும். வெட்டிய ஓரம் மேடு தட்டும். வண்டிக்குள் இரண்டு அடுக்கு மட்டும். இறுகியதும் கழற்றி, மீதி அடுக்கெல்லாம் வெளியில். அடைத்த இடத்தில் ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் நெடி ஆளைச் சாய்த்துவிடும். துணி மாஸ்க் இதற்கு உதவாது, ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும்.

மே 10, சனி

அடிப்பாகம் ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டது. இன்று முகப்பு. 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்-இல் வளையம் வெட்டி, எல்லாப் பக்கமும் ரெசின் குடிக்க வைத்தோம். பெட்டியில் மரம் என்று இருப்பது இந்த வளையம் மட்டுமே. அதைக் குச்சிகளில் நிறுத்தி, மேலே ஃப்ளீஸ் துணியை இழுத்துக் கட்டினோம். துணி தானாகவே ஒரு வளைவை எடுத்துக்கொள்கிறது, ரெசின் ஏறியதும் அந்த வளைவே ஓடாக இறுகும். தட்டையான பலகை பாஸ் அழுத்தத்துக்கு அதிரும், வளைந்த ஓடு விறைத்து நிற்கும். ஃபைபரின் பெரிய லாபமே இதுதான்.

குச்சிக்குப் பதில் தெர்மாகோல் முட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றும். பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து போகும்.

மே 11, ஞாயிறு

முகப்பின் உட்புறம் அடுக்கு மேல் அடுக்கு. விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டே போனோம். 'டங்' என்று கேட்கும் இடத்தில் இன்னொரு அடுக்கு. 'தக்' என்று செத்த சத்தம் வந்தால் போதும்.

சாயங்காலம், இறுகிய பெட்டியை ஸ்பீக்கர் ஓட்டை மேலே பார்க்க நிறுத்தி, ஒரு இருபது லிட்டர் வாட்டர் கேனை முழுசாகக் கவிழ்த்தோம். வளையத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது, ஸ்பீக்கர் காந்தம் அடைக்கப்போகும் அளவுக்கு. கொள்ளளவும் தெரிந்தது, ஒழுக்கும் தெரிந்தது: தையல் ஓரம் ஒரு இடத்தில் ஊசிமுனை ஈரம். காயவைத்து உள்ளிருந்து அடைத்தாயிற்று.

மே 17, சனி

பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். எண்பதாம் நம்பர் தாளில் ஆரம்பித்து இருநூற்றிருபதில் முடித்தோம். கையில் முகப்பவுடர் பூசி முழுக்கைச் சட்டை போட்டால் அரிப்பு குறைகிறது. குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர்.

மே 25, ஞாயிறு

நேற்று கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது, கோவையிலும் வானம் மூடிக்கிடக்கிறது. இந்த ஈரத்தில் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று அண்ணன் மறுத்துவிட்டார். சரி, காத்திருக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

சொரசொரப்பான கறுப்புப் பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது. வழவழப்பாக அடித்திருந்தால் முதல் பயணத்திலேயே கீறல் விழும்.

பொருத்துவதற்குத்தான் இன்று அதிக நேரம் கொடுத்தோம். பெட்டியும் ஸ்பீக்கரும் சேர்ந்து நல்ல எடை. வண்டி கவிழ்ந்தால் அது உள்ளே இருப்பவர் தலையில்தான் வந்து விழும். வாட்டேஜ் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் போல்ட் பற்றிப் பேசுவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். எட்டு எம்.எம் போல்ட், தகடின் பின்னால் அகலமான பட்டை, கழலாத நைலாக் நட், இடையில் ரப்பர். பேட்டரியிலிருந்து வரும் வயருக்குப் பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். ஸ்பீக்கர் கோனும் காகிதம் இல்லை, பாலிப்ரொப்பிலீன்.

மதுக்கரைப் பக்கம் கல் பாதையில் ஓட்டினோம். 80 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி இந்த ஸ்பீக்கருக்குப் போகாமல் வெட்டி வைத்திருந்தேன். தவில் இடந்தலையின் கனம் முதுகில் தெரிகிறது, பெட்டியிலிருந்து ஒரு கடகடப்பும் இல்லை. அதிர்ந்தது பின் நம்பர் பிளேட்தான். அதற்கு ஃபோம் டேப் ஒட்டியாயிற்று. திரும்பியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

வலப்பக்க மூலைக்கும் ஒன்று செய்யலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். இழுவைக் கயிறும் ஜாக்கியும் அங்கேதான் இருக்க வேண்டும்.