ஆன்டிகனியும் என் சொல் அட்டைகளும்

ஜூன் 3
சோஃபக்ளீஸ் எழுதிய பழைய கிரேக்க நாடகம் ஆன்டிகனியை மூலத்திலேயே படிப்பது என்று இறங்கியாயிற்று. மொத்தம் 1353 வரி. இலக்கணத்தை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், சொற்கள்தான் கழுத்தை நெரிக்கின்றன. சொல்லுக்கு ஓர் அட்டை: முன்பக்கம் கிரேக்கம், பின்பக்கம் பொருள். இரண்டு மணி நேரத்தில் முதல் வரியைத் தாண்டவில்லை.

அந்த வரியில் அக்காள் ஆன்டிகனி தங்கை இஸ்மீனியை ‘இஸ்மீனியின் தலையே’ என்று கூப்பிடுகிறாள். அன்பான விளியாம். நம் பையன்களின் ‘தல’ ஞாபகத்துக்கு வந்து சிரித்துவிட்டேன். கூடவே ‘அடெல்ஃபோஸ்’, உடன்பிறப்பு. ‘டெல்ஃபுஸ்’ என்றால் கருப்பை, முன்னால் நிற்கும் ‘அ’வுக்கு ‘ஒரே’ என்று பொருள். அகராதியை மூடிய பிறகுதான் உறைத்தது: சகோதரனும் அதேதானே! உதரம் என்றால் வயிறு. இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன், உள்ளே ஒரு வயிறு இருப்பதைக் கவனித்ததில்லை. அட்டையில் ‘சிஸ்டர்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘ஒரே வயிற்றில் பிறந்தவள்’ என்று எழுதினேன்.

ஜூன் 5
எட்டாம் வரி. ‘கேருக்மா’. பின்பக்கம் ‘அறிவிப்பு’ என்று எழுதினால் அரசு அலுவலக நோட்டீஸ் போல இருக்கிறது. ‘கேருக்ஸ்’ என்பவன் ஊருக்குள் உரக்கக் கூவிச் சொல்கிற ஆள். அப்படியானால் இது தண்டோரா. தீப்ஸ் நகர வாசலில் ஆன்டிகனியின் அண்ணன்மார் இருவரும் ஒருவரையொருவர் வெட்டிச் செத்தாயிற்று. அதில் ஊர்மேல் படையெடுத்து வந்தவனை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று தாய்மாமன் கிரியோன் போட்ட தண்டோரா. (ஆன்டிகனிக்கு நிச்சயம் செய்திருப்பது அந்த மாமன் மகனைத்தான். ஆனால் அவள் அப்பா ஈடிபஸ் தெரியாமல் தன் தாயையே மணந்தவன், அந்த வீட்டில் முறை சொல்லப் போனால் தலை சுற்றும்.)

இன்னொன்று. அந்த வரியில் அவள் மாமனை அரசன் என்று சொல்லவில்லை. ‘ஸ்ட்ராடேகோஸ்’, படைத்தலைவன் என்கிறாள். மொழிபெயர்ப்பில் படித்தபோது கண்ணில் படவே இல்லை.

ஜூன் 6
வேலை அதிகம். பழைய அட்டைகளைப் புரட்டியதோடு சரி. பதினாறில் ஒன்பது மறந்துபோயிருந்தது.

ஜூன் 11
நடுவில் நிறைய வரிகளைத் தாண்டி, 332ஆம் வரிக்குப் போய்விட்டேன். கோரஸ், அதாவது நாடகத்தில் சேர்ந்து பாடும் குழு, பாடும் புகழ்பெற்ற பாட்டு. ‘டெய்னோஸ்’ ஆனவை பல உண்டு, மனிதனைவிட டெய்னோஸ் எதுவும் இல்லை. அகராதியில் அச்சம் தருவது, வியப்பூட்டுவது, கெட்டிக்காரத்தனமானது எல்லாமே இருக்கின்றன. டைனோசருக்குள் இருப்பதும் இந்தச் சொல்தான். மூன்றில் எதை எழுதுவது?

விடை பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டுப் பையன் போனில், “பயங்கரமா பாடுறாடா!” என்றான். பயத்தில் பிறந்த சொல் பாராட்டாகிவிட்டது, பயமும் முழுக்கப் போய்விடவில்லை. பாட்டில் வரும் மனிதனும் அப்படித்தான்: குளிர்காலக் கடலைக் கடக்கிறான், மண்ணை உழுகிறான், பறவைகளை வலைபோட்டுப் பிடிக்கிறான், சாவிடமிருந்து தப்ப மட்டும் வழியில்லை. பயங்கரமான ஆளு. மேடையில் கோரஸ் இப்படிப் பேச முடியாதுதான், ஆனால் என் அட்டைக்கு இது போதும்.

ஜூன் 18
‘ஆத்தே’. இதை மறக்கவே முடியாது, ஊர்ப் பெண்கள் வாயில் கைவைத்துச் சொல்கிற “ஆத்தே!” மாதிரியே ஒலிக்கிறது. பொருள்தான் பிடி கொடுக்கவில்லை. புத்தி மயங்குவதும் ஆத்தே, அதனால் வரும் நாசமும் ஆத்தே. 620ஐ ஒட்டிய வரிகளில் கோரஸ் ஒரு பழைய வாக்கைச் சொல்கிறது: தெய்வம் யாரை ஆத்தேக்கு இழுக்கிறதோ, அவனுக்குக் கெட்டது நல்லதாகத் தெரியும். படித்ததும் பாட்டியின் குரல்: ‘கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே.’ பழமொழியையே பின்பக்கம் எழுதிவிட்டேன். சின்ன எழுத்தில், நெருக்கி.

ஜூன் 21
திரும்ப முதல் பக்கம். மூன்றாம் வரியில் ‘நோயின்’ என்றொரு சொல். முதல் நாள் ‘நமக்கு’ என்று எழுதித் தள்ளியது. இப்போதுதான் பார்க்கிறேன், அது பன்மை இல்லை, இருமை. சமஸ்கிருதத்தைப் போல இரண்டு பேருக்கென்றே தனி உருபு. தமிழில் அது கிடையாது. அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார் எல்லாரும் போய், உயிரோடு மிஞ்சியது அக்காளும் தங்கையும்.

‘நமக்கு’ என்பதை அடித்துவிட்டு ‘நம்ம ரெண்டு பேருக்கு’ என்று எழுதி, ‘ரெண்டு பேருக்கு’ அடியில் கோடு போட்டேன்.