மின்னூல் இரவலுக்கு ஊதியம்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் அனுபவம்

பிரிட்டனின் பொது நூலகங்களில் புத்தகம் இரவல் போகும்போது அதற்காக எழுத்தாளருக்கு அரசு ஒரு சிறு தொகை தருகிறது. 1979இல் இயற்றப்பட்ட பொது இரவல் உரிமைச் சட்டத்தின்படி முதல் தொகை 1984இல் வழங்கப்பட்டது. நூலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே கைபேசியில் இறக்கிப் படிக்கும் மின்னூல்களுக்கும் ஒலிநூல்களுக்கும் இந்த உரிமை 2018 ஜூலை 1 முதல்தான் கிடைத்தது. தமிழ் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இங்கேயே வசிக்கும் எனக்கும் இதில் பங்குண்டு என்பதை மற்றொரு மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் அறிந்தேன்.

2013 முதல் இத்திட்டத்தைப் பிரிட்டிஷ் நூலகம் நிர்வகித்து வருகிறது. இணையத்தில் கணக்குத் தொடங்கி, முகவரியையும் வங்கி விவரங்களையும் கொடுத்துவிட்டு, புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பதிய வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குப் பொதுவாக 30 விழுக்காடு பங்கு. இதுவரை எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.

சிக்கல் மின்னூலில் வந்தது. ஒரே நாவலாக இருந்தாலும் அச்சுப் பதிப்புக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண், ஒலிநூலுக்கு மற்றோர் எண் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்தாக வேண்டும். பதியாத பதிப்பு எத்தனை முறை இரவல் போனாலும் அதற்குப் பணம் வராது. எங்கள் மின்னூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் 978 என்று தொடங்கும் ஒரே ஓர் எண்தான் இருந்தது. அதை உள்ளிட்டபோது திரையில் அச்சுப் பதிப்பின் விவரம் வந்தது. மின்னூலுக்குரிய எண்ணைக் கேட்டுப் பதிப்பகத்துக்கு எழுதினேன். பலமுறை நினைவூட்டிய பிறகே பதில் வந்தது. தலைப்புப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது பெரிய உதவியாக இருந்தது, ஏனெனில் பங்கு கோருவதற்கு அதுவே நேரடியான ஆதாரம்.

தொகை கணக்கிடப்படும் முறையையும் சொல்ல வேண்டும். நாட்டின் எல்லா நூலகங்களின் கணக்கையும் எடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த சில நூலக நிர்வாகங்களின் தரவைக் கொண்டு மொத்த இரவலை மதிப்பிட்டு, அரசு ஒதுக்கிய நிதியை அதற்கேற்பப் பகிர்கிறார்கள். அதனால் ஓர் இரவலுக்கான தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பெருந்தொற்றில் நூலகங்கள் மூடிக் கிடந்து இரவல் குறைந்தபோது 11.26 பென்ஸாக இருந்த தொகை அடுத்த ஆண்டு 30.53 பென்ஸாக உயர்ந்தது. 11.26 பென்ஸ் என்ற கணக்கில் 100 இரவலுக்கு 11 பவுண்டு 26 பென்ஸ். அதில் என் பங்கு ஏறத்தாழ 3 பவுண்டு 38 பென்ஸ். ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் தருவதில்லை என்ற உச்சவரம்பும் உண்டு. புகழ்பெற்றவர்களிடமே நிதி முழுவதும் போய்ச் சேராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

என்னால் ஏற்க முடியாதது வேறொன்று. பிரிட்டனிலோ ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலோ நிரந்தரமாக வசிப்பவர்கள் மட்டுமே பதிய முடியும். எனவே மொழிபெயர்த்த எனக்குப் பணம் வருகிறது. அந்த நாவலைப் படைத்து, திருநெல்வேலியில் வாழும் மூல ஆசிரியருக்கு ஒன்றும் வருவதில்லை. அவருடைய பங்கை அவர் சார்பில் நான் கோரவும் விதி இடந்தரவில்லை. இதைத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “உங்க உழைப்புக்கு வர்றத விட்றாதீங்க தம்பி” என்றார். அவர் பெருந்தன்மை அது. ஆனால் விதி நியாயமாகிவிடாது. இந்தியாவில் இரவலுக்கு ஊதியம் தரும் திட்டமே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கும் தமிழ்நாட்டில், நூலக ஆணை கிடைத்தால் புத்தகம் ஒருமுறை விலைக்கு வாங்கப்படும். அதன் பிறகு எத்தனை பேர் படித்தாலும் எழுதியவருக்கு எதுவும் இல்லை. அந்த வரியிலிருந்து ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குவது பற்றி நம் எழுத்தாளர் அமைப்புகள் உரக்கப் பேச வேண்டும்.

பிரிட்டனிலிருந்து பதிய விரும்பும் மொழிபெயர்ப்பாளர்கள் ஜூன் 30ஆம் தேதியை மறக்க வேண்டாம். கணக்காண்டு அன்று முடிகிறது, அதற்குள் பதிந்தால்தான் அடுத்து வரும் பட்டுவாடாவில் சேர முடியும். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்யும்போதே ஒவ்வொரு பதிப்பின் எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த நாவலுக்கு நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.