ரெடிங்கில் முதல் வீடு: ஆஃபர் போட்டதிலிருந்து சாவி வரை

இங்கிலாந்தில் வீட்டுக்கு விலை பேசி ('ஆஃபர்' போட்டு), விற்பவர் சரி என்று சொன்ன பிறகும் அந்தச் சொல் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. நம் ஊர் மாதிரி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு ஆளை நிறுத்திவைக்க வழியில்லை. இரண்டு தரப்பு சொலிசிட்டர்களும் (வழக்கறிஞர்கள்) ஒப்பந்தத்தை 'எக்ஸ்சேஞ்ச்' செய்யும் நாள் வரை, அதாவது மாதக்கணக்கில், விற்பவர் கூடுதல் விலை தருகிற இன்னொருவரிடம் போகலாம். நாமும் காரணம் சொல்லாமல் விலகலாம். (ஸ்காட்லாந்தில் முறையே வேறு. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.) அதனால் விற்பவர்கள் பார்ப்பது விலையை மட்டும் அல்ல, இந்த ஆள் கடைசிவரை வந்து சேருவாரா என்பதையும்தான்.

2025 ஏப்ரலுக்குப் பிறகு நானும் மனைவியும் லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங்கில் தேட ஆரம்பித்தோம். அந்த மாதம் முதல் தேதியிலிருந்து ஸ்டாம்ப் டூட்டி சலுகை சுருங்கிவிட்டது. அதற்கு முன்பு முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 4,25,000 பவுண்டு வரை வரியே இல்லை. இப்போது 3,00,000 வரைதான். அதற்கு மேல் 5,00,000 வரை உள்ள தொகைக்கு 5 சதவீதம். விலை 5,00,000-ஐத் தாண்டினால் சலுகை மொத்தமாகப் போய்விடும்.

மார்ட்கேஜ் (வீட்டுக்கடன்) அட்வைசரை அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் பல வருடமாக இதே தொழில். எல்லாரையும் போல நாங்களும் அண்ணா என்றே கூப்பிட்டோம். போகும் முன் அவர் பெயர் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.சி.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அது இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. எங்களிடம் அவர் கட்டணம் வாங்கவில்லை, கடன் முடிந்ததும் வங்கி அவருக்குக் கமிஷன் தரும். கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு, அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் முதல் பேச்சிலேயே இரண்டு விஷயம் கேட்டுவிட வேண்டும்: பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை வங்கிகளின் கடன்களைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு சில வங்கிகளோடு மட்டும் வேலை செய்கிறவரும் தன்னை அட்வைசர் என்றுதான் சொல்லிக்கொள்வார்.

முதல் சந்திப்பில் அவர் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், விசா. நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருக்கிறேன். நானாகப் பார்த்த வங்கி ஒன்று, விசாக்காரர் என்றால் 25 சதவீதம் டெபாசிட் வேண்டும் என்றது. அண்ணா பத்து சதவீதத்துக்குக் கொடுக்கும் வங்கியைக் காட்டினார். இந்த ஒரு வேலைக்காகவே அவரிடம் போயிருக்கலாம்.

அடுத்து அவர் கேட்டது, "ஊரில உங்கட பேரில வீடு ஏதும் இருக்கோ, தம்பி?" இல்லை என்றோம். இதை ஏன் கேட்டார் என்றால், இங்கே 'முதல் வீடு வாங்குகிறவர்' என்ற சலுகைக்கு உலகத்தில் எங்கேயும், எப்போதும் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இரண்டு பேருக்கும் இது பொருந்தும். எங்கள் நண்பர் ஒருவருக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. இங்கே முதல் வீடு வாங்கும்போது சலுகை போனதோடு, கூடுதல் வீட்டுக்கான 5 சதவீத சர்சார்ஜும் விழுந்தது. அப்பா ஆசையாக நம் பேரில் எழுதிவைத்த வீடும் இந்தக் கணக்கில் வரும். ஆஃபர் போடும் முன் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

டெபாசிட்டில் பெரும்பகுதி எங்கள் இருவரின் லைஃப்டைம் ஐசா, அதாவது முதல் வீட்டுக்கும் உதவும் சேமிப்புக் கணக்கு. வருடத்துக்கு 4,000 பவுண்டு வரை போடலாம், அரசு அதன்மேல் 25 சதவீதம் சேர்க்கும். வீட்டு விலை 4,50,000-ஐத் தாண்டக் கூடாது, கணக்குத் தொடங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். மீதியை மாமனார் கொடுத்தார், ஊரில் ஒரு மனை விற்ற பணம். அது கடன் இல்லை, வீட்டில் தனக்குப் பங்கும் வேண்டாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை வங்கி கேட்டது. சொலிசிட்டர் அதற்கும் மேலே போய், மனை விற்ற கிரையப் பத்திரத்தையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சான்றளித்துத் தரச் சொன்னார். கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அப்படி. சீட்டு எடுத்த பணம், கைமாற்று வாங்கிய பணம் எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டும்.

எல்லாக் காகிதமும் வந்த பிறகு அண்ணா ஒரு தாளில் கணக்குப் போட்டார். டெபாசிட், ஸ்டாம்ப் டூட்டி, சொலிசிட்டர், சர்வே (கட்டடத்தின் நிலையைப் பார்க்கும் ஆய்வு) எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் கையில் இருந்தது சுமார் 43,000 பவுண்டு. வீடு 3,65,000 என்றால் பத்து சதவீத டெபாசிட் 36,500, ஸ்டாம்ப் டூட்டி 3,250, மற்றச் செலவுகளுக்கு மூவாயிரம். அவ்வளவுதான், பணம் தீர்ந்தது. அதற்கு மேல் போனால் டெபாசிட் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கும். வங்கி எங்களை 95 சதவீதக் கடன் படிக்குத் தள்ளும். அங்கே வட்டியே வேறு. "உங்களுக்கு ஆசை எவ்வளவு எண்டு நான் கேக்கேல்ல. இதுதான் மேல் எல்லை" என்றார்.

கூடவே இன்னொரு கணக்கும் சொன்னார். நான்கரை சதவீத வட்டி, முப்பது வருடம் என்று வைத்தால் கூடுதலாக 5,000 பவுண்டு கடன் வாங்குவது மாதத்துக்கு 25 பவுண்டு சொச்சம். வீடு விற்றுத் தரும் ஏஜென்ட்டுகள் இந்தக் கணக்கை நன்றாகவே பயன்படுத்துவார்கள். "ஐயாயிரம்தானே, மாதம் ஒரு வேளை சாப்பாட்டுச் செலவு" என்பார்கள். அந்த 25 பவுண்டு முப்பது வருடத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வீடு ரெடிங்கின் கிழக்குப் பக்கம், பழைய விக்டோரியன் வரிசை வீடு. கேட்ட விலை 3,75,000. எந்த வீடு எந்தத் தேதியில் எவ்வளவுக்கு விற்றது என்பதை இங்கே அரசின் லேண்ட் ரெஜிஸ்ட்ரி வெளியிடுகிறது, வீடு தேடும் இணையதளமான ரைட்மூவிலேயே பார்க்கலாம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பேச்சுக்கு இடமில்லாததால் அந்த எண்ணை நம்பலாம். அதே தெருவில் கிட்டத்தட்ட அதே அளவு வீடு முந்தைய வருடம் 3,58,000-க்குப் போயிருந்தது. எங்கள் வீடு ஒருமுறை 'விற்பனை பேசி முடிந்தது' என்று காட்டி, மறுபடி சந்தைக்கு வந்தது என்பதும் தெரிந்தது. ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, முன்பு வாங்க வந்தவருக்கு வங்கி கடன் மறுத்துவிட்டது என்றார். விற்பவருக்குப் போக வேண்டிய வீடு தயாராக இருந்தது, அவசரம் அவருக்குத்தான். எங்களுக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை.

ஆஃபர் போடும் முன் வங்கியின் 'டிசிஷன் இன் பிரின்சிபிள்' சான்று வேண்டும். இவ்வளவு கடன் தர வங்கி கொள்கையளவில் சம்மதிக்கிறது என்று சொல்லும் தாள். எங்கள் சம்பளத்துக்கு வங்கி அதிகமாகவே கொடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் அண்ணா அந்த உச்சத் தொகையைக் காட்டும் சான்றை அனுப்பவில்லை. நாங்கள் போடப்போகும் ஆஃபருக்குச் சரியாக வரும் தொகைக்கு ஒன்று எடுத்துத் தந்தார். ஆஃபர் ஏற ஏறப் புதுச் சான்று. "ஏஜென்ட் உங்கட ஆள் இல்லை, விக்கிறவற்ற ஆள். உங்கட பலத்தையெல்லாம் முதல்லயே அவருக்கு ஏன் காட்டுறியள்?"

முதலில் 3,52,000 போட்டோம். விற்பவரிடம் இதைக் கொண்டுபோகவே கூச்சமாக இருக்கிறது என்ற தொனியில் ஏஜென்ட் பேசினார். கூச்சம் இருந்தாலும் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். வருகிற ஆஃபர் எல்லாவற்றையும் விற்பவருக்கு எழுத்தில் தெரிவிப்பது ஏஜென்ட்டின் சட்டக் கடமை. அப்புறம், தங்கள் அலுவலகத்து மார்ட்கேஜ் அட்வைசரிடம் ஒரு தடவை பேசினால் எங்கள் ஆஃபர் 'வலுவாகத் தெரியும்' என்றார். இதைப் பலரும் கட்டாயம் என்று நினைத்துப் போய் உட்காருகிறார்கள். கட்டாயம் இல்லை. அப்படி நிபந்தனை போடவும் கூடாது. எங்கள் அட்வைசரே உங்களைக் கூப்பிடுவார் என்று மரியாதையாகச் சொன்னேன். அண்ணாவும் கூப்பிட்டார். காகிதங்கள் எல்லாம் சரிபார்த்தாயிற்று, விசாவுக்கு ஏற்ற வங்கி முடிவாயிற்று, டெபாசிட் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஆதாரம் கையில் இருக்கிறது என்று சொன்னார். ஏற்கனவே ஒரு தடவை கடனில் கவிழ்ந்த விற்பனைக்கு இந்த போன் எவ்வளவு முக்கியம் என்று அடுத்த நாள் ஏஜென்ட்டின் குரலிலேயே தெரிந்தது.

இரண்டாவது ஆஃபர் 3,60,000. இதை மின்னஞ்சலில், கொஞ்சம் விரிவாக எழுதினோம். முதல் வீடு, எங்கள் பக்கம் விற்க வேண்டியது எதுவும் இல்லை, வாடகை வீட்டுக்கு ஒரு மாத நோட்டீஸ் போதும், சொலிசிட்டர் யார், தெருவில் சமீபத்தில் விற்ற விலை என்ன. ஆஃபரை ஏற்றால் வீட்டை மற்றவர்களுக்குக் காட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற வேண்டுகோளும் சேர்த்தோம்.

பதிலுக்கு வந்தது, இன்னொருவரும் ஆர்வமாக இருக்கிறார், வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இருவரும் கடைசி ஆஃபரைச் சொல்லுங்கள் என்று. மனைவி நேராக 3,65,000 போட்டுவிடலாம் என்றாள். எனக்கும் கை துறுதுறுத்தது. அண்ணாதான், சர்வேயில் ஏதாவது கிளம்பினால் கையில் முந்நூறு பவுண்டுகூட இருக்காதே என்றார். 3,63,250 போட்டோம். அந்த 250 பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. முழு எண்ணாகப் போடுகிறவரைத் தாண்டுவதற்காக இங்கே நிறையப் பேர் செய்வது. வெள்ளி சாயங்காலம் சரி என்று பதில் வந்தது. மற்றவர் விற்பதற்கு ஒரு ஃபிளாட் வைத்திருந்தார் என்று பிறகு ஏஜென்ட் வாய் தவறிச் சொன்னார்.

வங்கி ஆள் அனுப்பிச் செய்யும் மதிப்பீடு வங்கிக்காக. நமக்கு வேண்டியது தனி சர்வே. பழைய வீடு என்பதால் விரிவான லெவல் 3 சர்வே எடுத்தோம். ஈரம், கூரை ஓடு என்று வழக்கமான பட்டியலுக்கு நடுவே ஒன்று பெரிதாக நின்றது. கீழ்த்தள ஹாலில் கணப்பு அடுப்புக்காகக் கட்டிய சிம்னிச் சுவரை எப்போதோ இடித்து இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். மாடியில் அதே சுவர் அப்படியே நிற்கிறது. அதை எது தாங்குகிறது என்று தெரியவில்லை, வேலை விதிப்படி நடந்தது என்று கவுன்சில் (நகராட்சி) தரும் பில்டிங் ரெகுலேஷன் சான்றும் இல்லை.

விற்பவர் பக்கம் உடனே சொன்னது, இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறோம் என்று. சில நூறு பவுண்டில் முடிந்துவிடும். ஆனால் அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் ஆகும் நஷ்டத்துக்குத்தான். மாடிச் சுவர் இறங்கினால் ஒரு பென்னியும் வராது. அவசரப்பட்டு கவுன்சிலுக்கு போன் போட்டு விசாரித்தால் அந்தப் பாலிசியே கிடைக்காமல் போகும் என்றும் சொலிசிட்டர் எச்சரித்தார். சொலிசிட்டர் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்வதால், விஷயத்தை வங்கியிடம் சொல்லாமல் மறைக்கவும் முடியாது.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்தோம். இரும்பு பீம் வைக்க வேண்டும் என்றார். கட்டட வேலைக்காரர் கொடுத்த மதிப்பு கிட்டத்தட்ட 4,000 பவுண்டு. விலையில் நாலாயிரம் குறைக்கச் சொல்வோம் என்று நாங்கள் முடிவே பண்ணிவிட்டோம். மின்னஞ்சலையும் எழுதி வைத்தாயிற்று.

அனுப்பும் முன் அண்ணாவைக் கூப்பிட்டதில்தான் கணக்கு தலைகீழானது. தொண்ணூறு சதவீதம் கடனில் வாங்குகிறோம். விலை 4,000 குறைந்தால் டெபாசிட்டில் குறைவது 400. ஸ்டாம்ப் டூட்டியில் 200. ஆக எங்கள் கைக்கு வருவது 600 பவுண்டு, செய்ய வேண்டிய வேலையோ நாலாயிரத்துக்கு. மிச்சம் 3,400-ஐ எங்கிருந்து கொண்டுவருவது? குறைந்தது கடன்தான், அது முப்பது வருடத்தில் சொட்டுச் சொட்டாகத்தான் நமக்குத் திரும்பும். சரி, விற்பவர் ரொக்கமாகக் கொடுக்கட்டுமே என்றால், அதை வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கி அதை விலைக் குறைப்பாகவே எடுத்துக்கொண்டு கடனைக் குறைக்கலாம்.

அதனால் விலையைத் தொடவே இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் விற்பவரே பீமை வைத்து, பில்டிங் கன்ட்ரோல் முடிப்புச் சான்றை வாங்கித் தர வேண்டும் என்று கேட்டோம். விலையைக் குறைக்காமல் பேசியதால் அவர் பக்கமும் சூடு தணிந்தது. இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் மார்ட்கேஜ் ஆஃபர், அதாவது வங்கியின் கடன் ஒப்புதல், ஆறு மாதத்துக்குச் செல்லும் என்பதால் வேலை முடியும்வரை காத்திருக்க முடிந்தது. அந்த இடைவெளியில் அதே வங்கியின் வட்டி கொஞ்சம் இறங்கியது. நாங்கள் கேட்காமலே அண்ணா புது வட்டிக்கு மாற்றிவிட்டார்.

எக்ஸ்சேஞ்ச் அன்றே வீட்டு இன்ஷூரன்ஸ் எங்கள் பெயரில் தொடங்கியாக வேண்டும். சாவி பிறகுதான் வரும் என்றாலும், அந்த நாளிலிருந்து வீட்டுக்கு என்ன ஆனாலும் பொறுப்பு வாங்குகிறவருடையது. இதைச் சொல்லிவிட்டு அண்ணா லைஃப் இன்ஷூரன்ஸ் திட்டம் ஒன்றையும் எடுத்து வைத்தார். அதில் அவருக்குக் கமிஷன் உண்டு என்று எங்களுக்கும் தெரியும். இரண்டு வெளி நிறுவனங்களில் விலை கேட்டு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஒன்றை எடுத்தோம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஐந்து வருட நிலை வட்டி முடிய ஆறு மாதம் இருக்கும்போது தானே கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.