பரிவுச் சோர்வை மருந்து அட்டையில் தேடுங்கள்

தீராத நோயாளியின் நோவைக் குறைக்கிற நோய்த்தணிப்புப் பராமரிப்பில் நிற்கிற தாதிக்குப் பரிவுச் சோர்வு, அதாவது பிறர் துயரைப் பார்த்துப் பார்த்தே இரங்கும் மனம் வற்றிப்போவது, வந்துவிட்டதா என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மருந்து அட்டையில் தெரியும். கடும் நோவுக்கு வாயால் கொடுக்கிற சாதாரண மோர்பின் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இடையில் நோ கூடினால் கொடுக்கிற மேலதிக அளவு, நாளின் மொத்தத்தில் ஆறிலொரு பங்கு. 10 மில்லிகிராம் படி நாளுக்கு 60 எடுப்பவருக்கு இன்னொரு 10. அவர் கேட்டு எவ்வளவு நேரத்தில் அது கொடுக்கப்பட்டது? கொடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பப் போய் "இப்ப நோ எப்பிடி அம்மா?" என்று கேட்டு எழுதியிருக்கிறதா? கெட்டிக்காரி என்று பேரெடுத்தவரின் அட்டையில் இவை பிந்தத் தொடங்கினால், டியூட்டி மாறும்போது "அவ எந்த நாளும் இப்பிடித்தான் முனகுறவ" என்ற பேச்சு வந்தால், அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ. கூப்பிட்டு இருத்திக் கதையுங்கோ.

இதன் மறுபக்கம், நோயாளியோடு அளவுமீறி ஒட்டிப்போவது, கண்ணில் படுவது குறைவு. லீவு நாளிலும் வந்து பார்ப்பது, சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பது, ஒரே ஒரு நோயாளிக்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது. இதை விடுதியில் எல்லாரும் மெச்சுவார்கள். மெச்சக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

வேலைப்பளுவால் வருகிற சலிப்பு மெல்ல மெல்லச் சேரும். ஆளும் லீவும் கிடைத்தால் பெரும்பாலும் குறையும். பரிவுச் சோர்வு ஒரே கிழமையிலும் வரலாம், லீவில் போன வீட்டிலும் கூடவே இருக்கும். தாதியர் விடயத்தில் இந்தப் பெயரைக் கார்லா ஜொய்ன்சன் 1992இல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் அதற்கு மேலால் சில பாரங்கள் உண்டு. போரில் சொந்தத்தில் ஆளை இழந்து, கிரியை செய்யவும் வழியில்லாமல் போனவர்கள் தாதியரிலும் இருக்கிறார்கள். கடைசி நாளில் நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கமும் உண்டு. கிழமைக்கணக்காகப் பார்த்தவரின் முடிவு தாதிக்குத் தெரியவே வராது. குடும்பத்துக்கு எட்டுச் செலவு, கீரிமலையில் அந்தியேட்டி என்று துக்கத்துக்கு நாள் குறித்திருக்கிறது. தாதிக்கு மத்தியானமே அந்தக் கட்டிலில் அடுத்த ஆள்.

இன்னொன்று, பொய். "மிஸி, அப்பாவுக்கு வருத்தம் என்னெண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்று மகன் கேட்பார். இரவு இரண்டு மணிக்கு அப்பா கேட்பார்: "பிள்ளை, நான் தப்புவனோ?" "ஒண்டுமில்லை அப்பா, படுங்கோ" என்று நாளுக்கு நாள் சொல்வதுதான் மனதை அரிக்கும். அதற்குப் பதிலாக, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "என்ன யோசிச்சுக்கொண்டு கிடக்கிறியள் அப்பா?" என்று கேட்கலாம். அவர் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதி, காலையில் வைத்தியர் குடும்பத்தோடு கதைக்க ஒழுங்கு செய்யவேண்டும். லண்டன், டொரன்டோவிலிருந்து ஆளுக்கொரு அழைப்பு வருமென்றால், குடும்பத்தில் ஒருவரை மட்டும் பேச்சாளாக வைத்து, நேரமும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி மணித்தியாலங்களில் தொண்டையில் சளி கரகரக்கும்போது உறவினர் "உறிஞ்சி எடுங்கோ" என்று அழுவார்கள். பெரும்பாலும் நோயாளி அப்போது நினைவில்லாமல் இருப்பார். குழாய் விடுவது அவரைத்தான் வருத்தும். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைக்கலாம். ஹயோசின் பியூட்டைல்புரோமைட் என்ற மருந்து புதிதாகச் சளி ஊறுவதைக் குறைக்குமே தவிர, ஏற்கெனவே தேங்கியதை எடுக்காது. அதனால் பிந்திப் போட்டால் பலன் குறைவு. இந்தச் சத்தம் வரும் என்று முதல்நாளே குடும்பத்துக்கு விளங்கப்படுத்தாவிட்டால், கையாலாகாதவள்போல எல்லாருக்கும் முன்னால் நிற்கவேண்டி வருவது தாதிதான்.

"கடைசி ஊசி நான் போட்டதாலதான் போனவரோ?" என்ற கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. நோவுக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூட்டிய சரியான அளவு மோர்பின் உயிரைக் குடிப்பதில்லை. சாகிற நிலையில் இருப்பவருக்கு ஏதோ ஒரு ஊசி கடைசி ஊசியாகத்தான் இருக்கும். அட்டையை மேசையில் வைத்து, அளவையும் மூச்சு எண்ணிக்கையையும் ஒவ்வொன்றாகக் காட்டிப் பொறுப்புத் தாதி இதைச் சொல்லவேண்டும். வெறும் ஆறுதல் வார்த்தை இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது.

மரணம் நடந்த அதே டியூட்டி முடிய முன்னம், பத்து நிமிடம், கதவு மூடிய அறை. என்ன நடந்தது, எது நல்லாய் நடந்தது, எது இன்னும் மனதில் நிற்கிறது என்று மூன்றே கேள்வி. சிகிச்சையில் பிழை பிடிக்கிற கதை அங்கே கூடாது. அது வந்தால் அடுத்தமுறை எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு டியூட்டியில் இரண்டு உடல்களை ஒரே ஆள் துடைத்து ஒழுங்குபடுத்த விடாதீர்கள். கடைசி நாளில் வீட்டுக்குக் கொண்டுபோன நோயாளிகளின் குடும்பத்துக்கு ஒரு கிழமையில் ஒருவர் அழைத்துக் கேட்டு, மற்றத் தாதியருக்கும் சொல்லட்டும்.

பராமரிப்பு வேலை மனதை எப்படிப் பாதிக்கிறது என்று தாமே பார்த்துக்கொள்கிற புரோகியூஓஎல் (ProQOL) என்ற வினாத்தாளில் 30 கேள்விகள், கடந்த 30 நாளைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 புள்ளி. திருப்தி, சலிப்பு, பிறர் துயரால் வரும் மனக்காயம் என்று பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணவேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 22 வரை குறைவு, 42இலிருந்து அதிகம். சலிப்புப் பகுதியில் ஐந்து கேள்விகளின் புள்ளியைத் திருப்பிப் போடவேண்டும் (1 என்றால் 5, 2 என்றால் 4), பலர் அதைத்தான் மறக்கிறார்கள். பெயரெழுதி மேட்ரனிடம் கொடுக்கச் சொன்னால் ஒருவரும் உண்மை எழுதமாட்டார்கள்; ஆளே நிரப்பி, ஆளே வைத்துக்கொள்ளட்டும். இது நோயைத் தீர்மானிக்கிற சோதனையும் இல்லை. நித்திரை இல்லாமல், கண்ட காட்சிகள் திரும்பத் திரும்ப வந்து இரண்டு கிழமை தாண்டினால் மனநல கிளினிக்குக்குப் போகவேண்டும். உயிரை மாய்க்கிற எண்ணம் வந்தால் அன்றைக்கே போகவேண்டும். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.